போதும் என்று சொல்லாதவர்

எங்கள் வேன் ஸ்டாண்டு அண்ணாத்தயை நினைத்தால் முதலில் தோன்றுவது, அவர் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை என்பதுதான். பல வருடங்கள் கேட்டதில்லை. பிறகு கேட்டேன். அதன்பின் நடந்ததில் பாதி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் எனக்கு மருந்துக்கடை. அப்பா கல்பாக்கத்தில் வேலைக்கு வந்ததால் இந்த ஊர்க்காரன் ஆனவன் நான். கடைக்கு எதிரே டூரிஸ்ட் வேன் ஸ்டாண்டு. அதில் மூன்றாவதாக நிற்கும் வெள்ளை வேன் அண்ணாத்தயுடையது. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனால் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் 'மச்சான்' என்பார். எல்லாரும் அவரை 'அண்ணாத்த' என்போம்.

ஆள் மலை மாதிரி இருப்பார். வேனில் ஏறினால் வேன் ஒரு பக்கம் இறங்கி நிமிரும். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அவ்வளவுதான் இடம். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களோடு அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கல்யாணங்களில் அவரைப் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவரை வீட்டுக்காரர்களே கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைப்பார்கள். பரிமாறுகிறவர்கள் அவர் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவார்கள். போடப் போட இலை காலியாகும். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து கைகழுவிவிட்டு வந்து சுற்றி நின்று பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கைதட்டுவார். சமைத்தவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்துப்போவார். "அண்ணாத்த குந்தினாத்தான்யா பந்தி களை கட்டுது" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நானும் அப்படி நின்று பார்த்தவன்தான். ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தும். சாப்பிடும்போது அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார். பேச மாட்டார். ஒருமுறை, திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "அந்த வத்தக்குழம்பு எப்படி இருந்துச்சு அண்ணாத்த?"

"வத்தக்கொழம்பா?" என்றார். "போட்டாங்களா இன்னா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு நாள் வேடந்தாங்கல் போயிருந்தோம். பறவைகள் வந்திருக்கும் காலம். சென்னையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்ததால் அண்ணாத்தயின் வேனைத்தான் எடுத்தோம். படாளம் கூட்ரோட்டில் எல்லாரும் ஒன்றாக நாஸ்தா பண்ணினோம். அவரும் எங்களோடு வயிறாரச் சாப்பிட்டார். ஏரிக்கரை மேல் நின்று கொக்குகளையும் கூழைக்கடாக்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை பிள்ளை தண்ணீர் கேட்டது. பாட்டில் வேனில் இருந்தது. எடுத்துவர நான் இறங்கிப் போனேன்.

வேன் வழக்கமான இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றது. கண்ணாடிகளை ஏற்றித் திரைகளை இழுத்துவிட்டிருந்தார். தூங்குகிறார் போலும் என்று மெல்லக் கதவைத் தள்ளினேன். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில், பக்கத்தில், காலடியில் எல்லாம் பிரித்த பிரியாணிப் பொட்டலங்கள். கூட்ரோட்டில் எங்களுக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார். ஏசி போடாத வேனில் வியர்வை கொட்டக் கொட்ட, மென்றும் மெல்லாமலும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். "அண்ணாத்த" என்றேன். கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நிமிர்ந்தார். நான் யாரென்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னா மச்சான், தண்ணி பாட்டிலா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது என்றைக்கும் இல்லாத கலகலப்போடு பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஓட்டினார். நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தி, "ஒண்ணுக்கு" என்று இறங்கிப் போனார். வர வெகுநேரம் ஆயிற்று. முகம் கழுவியிருந்தார். கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன. "தூசி மச்சான்" என்றார்.

நான் யாரிடம் என்ன சொல்வது? சாப்பிட்டார் என்றா? அவர் சாப்பிடுவது ஊருக்கே தெரியும்.

சர்க்கரை வந்தது. முழங்கால் வலி வந்தது. பயணிகளின் பெட்டிகள் இரண்டை ஏற்றினால் மூச்சு வாங்கியது. எங்கள் தெருமுனைக் கிளினிக் டாக்டரம்மா, பொறுமையாகப் பேசுகிறவர், மாத்திரையோடு வாரம் ஒரு ஊசியும் எழுதினார். சர்க்கரைக்கும் ஆச்சு, எடையும் குறையும் என்றார். அண்ணாத்த சீட்டோடு கடைக்கு வந்தார். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்டினேன். கல்யாணப் பந்தியைக் கதிகலங்க வைக்கிறவர் ஊசி முனையைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முதல் சில வாரங்கள் குமட்டுகிறது என்றார். அப்புறம் ஒரு காலையில் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். எல்லாரும் போனதும் மேசை மேல் குனிந்து ரகசியம் போலச் சொன்னார்.

"மச்சான், என் தலைக்குள்ள ஒருத்தன் பேசிக்கினே இருப்பான்டா. அவன் வாய மூடிட்டான்."

"யாரு?"

"எவனுக்குத் தெரியும்? சின்ன வயசுலேர்ந்து கீறான். இட்லி துன்னும்போதே, மத்தியானம் இன்னான்னு கேப்பான். ரோட்ல போனா, அதோ பஜ்ஜி, அதோ பேக்கரின்னு ஒவ்வொண்ணா காட்டுவான். துன்னு முடிச்சா, இன்னும் கீது பாரு உள்ளன்னு வூட்டு அலமாரியக் காட்டுவான். ராவும் பகலும் பேஜாரு. முந்தாநேத்து சதுரங்கப்பட்டினம் வளைவுல திரும்பறேன், திடீர்னு ஒரே அமைதி. வண்டி இன்ஜின் சத்தம் மட்டும் கேக்குது. பயந்துட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உனக்கு அப்டி ஒருத்தன் இல்லியா?"

"இல்ல அண்ணாத்த."

"நிஜமாவா? அப்போ உன் தலைக்குள்ள இன்னாதான்டா ஓடும்?"

அவருக்கு அதைவிட ஆச்சரியம், உலகத்தில் பெரும்பாலானவர்கள் இப்படி அமைதியாகத்தான் இருக்கிறார்கள் என்பது. கடை வாசலில் நின்று தெருவில் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறந்ததிலிருந்து தனக்கு மட்டும் கிடைக்காத ஒன்றை எல்லாரும் இலவசமாக வைத்திருப்பது போல.

'போதும்' என்ற அந்தச் சொல்லை நான் கேட்டது என் தங்கை பிள்ளைக்குக் காது குத்திய அன்று. கடற்கரையோரம் ஒரு சிறிய மண்டபத்தில் விருந்து. வழக்கம்போல அவர் இலையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். இரண்டாம் முறை சோறு வந்தபோது கையை இலைக்கு மேல் நீட்டி, "போதும்" என்றார்.

பரிமாறியவன் கரண்டியோடு அப்படியே நின்றான். "இன்னா அண்ணாத்த, ஒடம்பு சரியில்லியா?" என்றது ஒரு குரல். என் தங்கையின் மாமியார் ஓடிவந்து, சமையலில் ஏதாவது குறையா என்று கேட்டார். அண்ணாத்த எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். வெட்கப்படுகிற சிரிப்பு. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. போதும்" என்று மறுபடி சொன்னார்.

கற்றுக்கொண்ட புதுச் சொல்லைக் குழந்தை எல்லாவற்றுக்கும் சொல்லுமே, அப்படி ஆகிவிட்டது. பாதி டீயில் போதும். கேரம் ஆட்டத்தின் நடுவில் போதும். உடம்பு வற்றியது. சட்டைகள் தொளதொளத்தன. ஸ்டாண்டில் எல்லாரும் தோளைத் தட்டினார்கள். ஒல்லியாக இருக்கிற டிரைவர்கள்கூட என்னிடம் வந்து, "அண்ணாத்த போட்டுக்கற ஊசி ஒண்ணு குடு" என்று நச்சரித்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. டாக்டரம்மாவும் சர்க்கரை இறங்கியதைப் பார்த்து மகிழ்ந்தார். மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும், மாதம் தவறாமல் வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அண்ணாத்த போகவில்லை.

கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவது குறைந்தது. வண்டிக்குக் கூப்பிட்டார்கள், பந்திக்குக் கூப்பிடவில்லை. அதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. வேறொன்றில் மும்முரமாக இருந்தார்.

என் கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று உண்டு. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நிற்பார். செருப்பைக் கழற்றி ஏறுவார். இறங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஏறுவார். சட்டைப்பையிலிருந்து செல்போன், சாவி, சில்லறை என்று ஒவ்வொன்றாக என் மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஏறுவார். ஒருநாள் அரைஞாண் கயிற்றை அறுத்து மேசையில் வைத்தார். நான் பதறிவிட்டேன். "அது எவ்வளவு எடை இருக்கும் அண்ணாத்த?" என்றேன்.

"கீதோ இல்லியோ, ஏன் சொமக்கணும்?" என்றார்.

அண்ணி கடைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். அண்ணாத்தயின் மனைவி. அதிகம் பேசாதவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"தம்பி, அந்த ஊசியில இன்னாப்பா கீது?"

"ஏன் அண்ணி?"

"சோத்தைப் பாத்தா பயப்படறாரு. தட்டு வெச்சா பின்னால நகர்ந்துக்கறாரு. மூணு நாளா பாலில்லாத கட்டன் டீதான். கேட்டா பசியில்லன்றாரு. ஆனா வூட்ல நான் சமைக்கும்போது பக்கத்துலயே நின்னு பாத்துகினு கீறாரு. முன்னெல்லாம் வூட்ல எதையும் ஒளிச்சி வெப்பேன், துன்னுடுவாருன்னு. இப்போ தேடித் தேடி எடுத்து நீட்றேன், தொட மாட்டேன்றாரு. எது நல்லது, எது கெட்டதுன்னே எனக்குப் புரியலப்பா."

எனக்கும் புரியவில்லை. அந்த மருந்தோடு வரும் துண்டுத்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். பசி குறையும் என்று இருந்தது. சோற்றைக் கண்டு ஒரு மனிதன் பின்னால் நகர்வதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகும்படி அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணாத்தயோ வேறு வேலையாக என்னிடம் வந்தார். "ஊசியில அடுத்த பவர் குடு மச்சான்."

"டாக்டர் எழுதலையே."

"இது வேலை செய்யல. நேத்து மோர்க்கொழம்பு வாசனை வந்துச்சு, ஒரு நிமிஷம் அவன் பேசிட்டான். எனக்குக் கேட்டுச்சு."

"முதல்ல டாக்டரைப் பாருங்க. நீங்க சாப்பிடறதே இல்லயாமே. சர்க்கரை மாத்திரை வேற போடறீங்க. சாப்பிடாம அதைப் போட்டா மயக்கம் வரும்."

"துன்னா குத்தம். துன்னலன்னா குத்தம். நீங்கள்ளாம் இன்னாதான்டா சொல்றீங்க?" என்றார். அவர் கத்தி நான் பார்த்ததில்லை. எதிர்ச்சாரியில் டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் சில நாட்கள் என் கடைப் பக்கமே வரவில்லை. வேறெங்கோ பவர் கூடிய ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமல்லபுரத்திலிருந்து பெங்களூர்க் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வேனுக்குள் நாலைந்து குழந்தைகள். வெங்கம்பாக்கம் தாண்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். அந்தக் குடும்பம்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி எழுப்பினார்கள்.

மறுநாள் அண்ணியும் நானும் அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டது உடம்பைப் பற்றியல்ல. "அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா இன்னா டாக்டர் பண்ணியிருப்பேன்?"

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவரை அழ விட்டார். பிறகு, "எப்படிச் சாப்பிடுவீங்கன்னு முதல் நாளே கேட்டேனே. நார்மலாத்தான்னு சொன்னீங்க" என்றார்.

"எனக்கு அதான் டாக்டர் நார்மல்."

அப்புறம் அவரே சொல்லத் தொடங்கினார். வேனுக்குள் திரை இழுத்துவிட்டுச் சாப்பிடுவதை. தாங்க முடியாமல் போனதும் தோப்புகளில் இறங்கித் தொண்டைக்குள் விரலை விடுவதை. அதற்குப் பரிகாரமாக மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பதை. அன்று சாயங்காலமே மறுபடி பொட்டலம் வாங்குவதை. அண்ணி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு இதில் பாதி தெரியாது.

டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார். "இதுவே தனியா ஒரு நோய். அதுக்கு வைத்தியம் பார்க்காம நாம பசியை மட்டும் அணைச்சிருக்கோம்" என்றார். செங்கல்பட்டில் ஒரு மனநல டாக்டரிடம் பேசி அனுப்பினார்.

வியாழக்கிழமைகளில் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய்வந்தார் அண்ணாத்த. முதல் முறை போய்வந்த அன்று என் கடைக்கு வந்தார். சண்டை மறந்துபோயிருந்தது.

"மச்சான், இதுக்குப் பேரு கீதாம்டா. இங்கிலீஷ்ல நீளமா சொன்னாரு. நான் இன்னாமோ எனக்கு மட்டும்தான் இப்டின்னு நெனச்சிகினு இருந்தேன்." கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தார். பிறகு முகம் மாறியது. "அப்போ கல்யாணத்துல எல்லாரும் சுத்தி நின்னு கைத்தட்டுவீங்களே, அது இன்னாடா?"

கேட்டுவிட்டு எதிரே ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

ஊசி நின்ற சில வாரங்களில் தலைக்குள் பேசுகிறவன் திரும்பி வந்துவிட்டான். "வந்தவன் சும்மா வர்ல, அத்தனை நாள் பாக்கியையும் சேத்துப் பேசறான்" என்றார். அவர் கண்களில் நான் பார்த்த பயம் மயங்கி விழுந்தவனின் பயம் இல்லை. அமைதி என்றால் என்னவென்று ஒருமுறை தெரிந்துகொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தவனின் பயம்.

ஸ்டாண்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஊசிதான் ஆளைக் கெடுத்தது என்று ஒன்று. ஊசிதான் இருந்த நோயை வெளியே காட்டியது என்று ஒன்று. இரண்டு பக்கமும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, சின்ன அளவில் மறுபடி தொடங்கலாமா என்று இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்களாம். இப்போதைக்கு வேண்டாம், முதலில் வேளைக்குச் சாப்பிடப் பழகட்டும் என்று முடிவானது. இது எப்படிப் போகும் என்று தங்களுக்கே நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்ததா, கலக்கமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

செங்கல்பட்டு டாக்டர் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று வேளை. தனியாக இல்லை, யாருடனாவது உட்கார்ந்து. மெல்ல. மத்தியானத்துக்கு அந்த 'யாருடனாவது' நான் ஆனேன். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் டிபன் டப்பாவைத் திறப்பார். அண்ணி அளந்து வைத்திருப்பார். சில நாள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு என் டப்பாவைப் பார்க்காமலிருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சில நாள் முதல் கவளத்தை உருட்டிக்கொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. எந்த நாளானாலும் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்திருப்போம். ஒரு மத்தியானம், "இது கோவக்கா பொரியல்டா" என்றார், யாரோ தெரிந்தவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்தது போல. உடம்பு பழையபடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவர் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பார்த்து அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்னாள். வேனை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். போவதற்கு முந்தின நாள் மத்தியானம் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. செங்கல்பட்டு டாக்டர் பசி வந்தா கவனின்றாரு. பசின்னா எப்டிடா இருக்கும்? உனக்கு ஒடம்புல எந்த எடத்துல தெரியும்?"

"வயித்துலதான்."

"வயித்துலன்னா? வலிக்குமா? காலியா இருக்கா மாதிரியா? இல்ல, தலை சுத்தறா மாதிரியா?"

நான் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. ஒரு மணி ஆனால் டப்பாவைத் திறக்கிறேன். எட்டு மணிக்குத் தட்டு வருகிறது. நடுவில் பசி எப்போது வந்தது, எப்போது போனது என்று நான் பார்த்ததே இல்லை.

"உனக்கும் தெர்லயா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமான அதிர்ச்சி. "அப்போ எவனைடா கேக்கறது?"

ஓசூரிலிருந்து அவ்வப்போது போன் வரும். ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அண்ணியிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "நல்லாக் கீறாரு தம்பி" என்கிறார். நல்லா என்றால் பருத்திருக்கிறாரா, இளைத்திருக்கிறாரா, பேசுகிறவன் இருக்கிறானா, போய்விட்டானா? அங்கே யாருடன் சாப்பிடுகிறார்? கேட்க நினைத்துக் கேட்காமலே வைத்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் ஒரு மணி ஆனதும் டப்பாவை எடுத்து மேசையில் வைக்கிறேன். உடனே திறப்பதில்லை. உள்ளங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்கிறேன். ஏதோ ஒன்று அசைகிற மாதிரி இருக்கும். அது பசிதானா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது மாத்திரை வாங்க வந்துவிடுவார்கள்.